பதினேழாவது கல்

வெனேரா சுத்தியலைப் படகுக்குள் வீசி எறிந்தாள். இத்தாலியின் பிலிகூடித் தீவுக்கு இது ஐந்தாவது பயணம். இந்த முறையும் அந்த மாதிரிக் கல் கிடைக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், முதல் பயணத்தில், இதே தீவில் பதினேழு இடங்களில் எரிமலைப் பாறையை உடைத்துப் பதினேழு பைகளில் போட்டுக்கொண்டு காத்தானியாவில் உள்ள தன் ஆய்வகத்துக்குப் போனாள்.

பதினாறு கற்கள் ஒழுங்காக நடந்துகொண்டன. கடலடியில் பூமித்தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே வழுக்கி இறங்கும் இடத்தில் பிறக்கும் எரிமலைக் குழம்பில் நியோபியம் என்ற உலோகம் குறைவாகத்தான் இருக்கும். இருந்தது.

பதினேழாவதில் மட்டும் பத்து மடங்கு.

அரைக்கும் இயந்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று ஆய்வக உதவியாளர் நுன்சியோவிடம் எல்லார் முன்னாலும் கத்தினாள். எட்டு வருடம் அவளோடு வேலை பார்த்தவர். மறுவாரமே விட்டுப் போய்விட்டார்.

அவளே கழுவி, அவளே அரைத்தாள். அதே எண்.

அப்படியானால் கீழே இறங்கும் தட்டு அங்கே கிழிந்திருக்க வேண்டும், கிழிசல் வழியாக நியோபியம் நிறைந்த ஆழத்துக் குழம்பு ஏறி வந்திருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினாள். இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. அதே மாதிரி இன்னொரு கல்லைக் காட்டச் சொன்னார்கள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தக் கல்லுல, டாக்டரம்மா?" என்றார் படகோட்டி பார்த்தோலோ. ஐந்து பயணமும் அவர் படகில்தான்.

"இந்தத் தீவுல இருக்கவே கூடாதது இருக்கு. அப்படியே எட்னா மலைக் கல்லு மாதிரி. எனக்குப் பைத்தியம் பிடிக்குது!"

பார்த்தோலோ இயந்திரத்தை அணைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அது எட்னா கல்லுதாம்மா. என் மச்சான் அங்கேருந்து கொண்டுவந்து குடுத்தது, வலைக்குக் கட்டுற கல்லு. மொத தடவை வந்தப்ப நீங்க வாந்தி எடுத்துட்டு உள்ள படுத்துட்டீங்க. காயட்டும்னு பையை எல்லாம் கவுத்து, கல்லைப் பக்கத்துலயே பரப்பி வச்சிருந்தீங்க. ஒரு அலை அடிச்சுது பாருங்க... சொல்லப் பயமா இருந்துச்சு. உங்க சுத்தியலாலயே அந்த வலைக்கல்லை உடைச்சுப் பையில போட்டுட்டேன்."

வெனேரா படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு வலைக்கல்லுக்காகப் பூமியின் தட்டையே கிழித்திருந்தாள். நுன்சியோவுக்கு என்ன சொல்வது?

நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். போகட்டும். பதினேழாவதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மற்ற பதினாறை வைத்துத்தானே தீவின் புதிய பாறை வரைபடமே அச்சாகியிருக்கிறது.

"சரி, விடுங்க. கடல்ல போனது அந்த ஒண்ணுதானே?"

பார்த்தோலோ தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்த பதினாறையும் இந்தத் தீவுத் துறைக்குப் பக்கத்துலயே பொறுக்கிட்டேம்மா. கடைசிப் பைக்குத்தான் சரியான அளவுல ஒண்ணும் சிக்கல."