கடைசிக் குஞ்சு

நார்வே கடற்கரையோரம் சாவகாசமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சைக்கிளில், முன்சக்கரத்துக்கு ஸ்டாண்டைக் கண்டாலே ஆகாது.

"நான் ஓடி ஓடித் தேயறேன். நீ காலை மடக்கிக்கிட்டு ஓசியில வர்றே," என்றது அன்று சாயங்காலம்.

"வாஸ்தவந்தான்," என்றது ஸ்டாண்டு. "மத்தியானம் நம்மாளு ரொட்டி தின்ன நிறுத்தினாரே, அப்போ பாறையிலிருந்து வாத்துக்குஞ்சுங்க ஒவ்வொண்ணா கடல்ல குதிச்சதைப் பார்த்தியா?"

"எங்கே? நான் அடுத்த மேட்டை நினைச்சு மலைச்சுப்போயிருந்தேன்."

"கடைசிக் குஞ்சு மட்டும் பயந்து நின்னுச்சு."

"அப்புறம் குதிச்சுதா?"

"தெரியலையே. அதுக்குள்ள என்னை மடக்கிட்டாரு."

"குதிச்சிருக்கும்ல?" என்று அன்று ராத்திரி சக்கரம் இரண்டு தரம் கேட்டது.

மறுநாள் சைக்கிள் அதே வழியாகத் திரும்பியது. அந்தப் பாறை கண்ணில் பட்டதும் சக்கரம், முள்ளும் இல்லாமல் ஆணியும் இல்லாமல், புஸ்ஸென்று காற்றை இறக்கிவிட்டது.