காற்று அடங்கும் உயரம்

“காத்தைத் தடுக்கிற இந்த விண்ட்ஷீல்டு கண்ணாடியோட மேல் விளிம்பு மூக்கு நுனிக்கு நேரா வரணும் சார். அதைவிட ஒசந்தா மழையில ரோடு தெரியாது. தணிஞ்சா காத்து காதைக் கிழிச்சிடும்.”

மெக்கானிக் இரண்டு விரலை பல் டாக்டரின் மூக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தார்.

பைக் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். ஊரார் வாயையெல்லாம் பிளக்கவைக்கிற மனுஷர், தன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அவருக்கும் சேர்த்து மனைவிதான் பேசினாள். “தூரமா போய்ட்டு வந்தா ராத்திரியெல்லாம் காதுல கொய்ங்குனு கேட்டுட்டே இருக்காம். இப்படியே விட்டா செவிடாயிடும்னு காது டாக்டர் பயமுறுத்திட்டார்.”

மெக்கானிக் குட்டையான பழைய விண்ட்ஷீல்டைக் கழற்றிவிட்டு உயரமான ஒன்றை மாட்டினார். பெரிய ரோட்டில் ஒரு சுற்று போய்வரச் சொன்னார். சத்தம் எங்கே அடங்குகிறதோ அதுதான் உங்கள் உயரம் என்றார்.

இருவரும் கிளம்பினார்கள். வேகம் ஏறியது. காற்று வரவில்லை.

அது விளிம்பில் மோதித் தலைக்கு மேலே எங்கோ போய்விட்டது. கிணற்றுக்குள் இறங்கியதுபோல் ஓர் அமைதி. எஞ்சினின் மெல்லிய உறுமல். அதற்கும் மேலே, தோளுக்குப் பின்னால், மனைவியின் குரல்.

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்க.”

டாக்டர் வாயே திறக்கவில்லை.

எதிராளி பேசி முடிக்கட்டும் என்பதுபோல் அவள் சற்று நிறுத்தினாள். பிறகு, வீட்டில் அவர் கேட்டேயிராத குழைவோடு, “ஞாபகம் இருக்குங்க. அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க,” என்றாள்.

போன் பேசுகிறாளோ என்றால், அவளுடைய போன் அவர் சட்டைப்பையில் கிடந்தது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். அவர் தோளருகே தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

தூரப் பயணத்துக்கு எப்போதும் நச்சரிப்பவள் அவள்தான். வண்டியை விட்டு இறங்கும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். ஊர் பார்த்த சந்தோஷம் என்று நினைத்திருந்தார்.

அப்படியானால் இத்தனை காலமும் அந்தக் காற்றிரைச்சலுக்குள் அவர் அவளோடு மனம்விட்டுப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்போதாவது நிஜமாகவே ஏதாவது பேசலாம் என்று வாயெடுத்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார். “என்ன சார், அடங்குச்சா?”

நன்றாகவே அடங்கியிருந்தது. அதுதான் வம்பு. இந்த அமைதியில் இன்னும் நாலு தடவை போனால், முன்னால் இருப்பவன் ஊமைபோலத்தான் ஓட்டுகிறான் என்பது அவளுக்கும் தெரிந்துபோகும். அவளுக்கு என்று இருக்கிற ஒரே பேச்சுத்துணை. அதைப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. காது போனால் போகட்டும்.

“பழசையே மாட்டிடுங்க.”

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு ஸ்பேனரை எடுத்தார். மனைவி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பிப் பெரிய ரோட்டில் ஏறியதும் காற்று மெல்லத் திரண்டு வந்தது. டாக்டருக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

அது காதை முழுக்க அடைப்பதற்கு ஒரு நொடி முன்னால், பின்னாலிருந்து அவள் மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“பயப்படாதீங்க. இவருக்கு எதுவும் கேட்கல.”