நீள கேஜ்

அளவு பார்க்கும் தோட்டா வடிவ எஃகுக் கேஜ்கள் இரண்டு, ஒன்று குட்டை, ஒன்று நீளம். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் குட்டையைப் போட்டால், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் முழுக்கப் பூட்டிக்கொள்ள வேண்டும், நீளத்தைப் போட்டால் பாதியில் நிற்க வேண்டும். நின்றால்தான் அறையின் ஆழம் சரி. துப்பாக்கித் தொழிற்சாலையின் பரிசோதனை மேசையில் பதினெட்டு வருடமாக ஜெசிந்தாவுக்கு அவ்வளவுதான் வேதம். அன்றைக்கு வந்த ஒரு துப்பாக்கியில் நீள கேஜ் அவள் கைக்கு நின்றது. பக்கத்து மேசைக் கோதண்டத்தின் கைக்குச் சுகமாகப் பூட்டிக்கொண்டது. துடைத்துப் பார்த்தார்கள். வேறு கேஜ் வாங்கிவந்து பார்த்தார்கள். அதே இரண்டு பதில். தப்பான பதிலை நம்பி அனுப்பினால் சுடுகிறவன் முகத்தருகே தோட்டா வெடிக்கும்.

“நீங்க அழுத்துறீங்கண்ணே.”

“ஒரு விரல்தாம்மா வைக்கிறேன். நீ கண்ணை மூடிக்க. எதைப் போடுறேன்னு சொல்லமாட்டேன், கை என்ன சொல்லுதோ அதைச் சொல்லு.”

கண்ணை மூடினாள். ஏதோ உள்ளே நழுவிய ஓசை கேட்டது போலிருந்தது. போல்ட்டின் கைப்பிடியை ஒற்றை விரலால் தள்ளினாள். பாதி இறங்கி, கல்லில் முட்டியது போல் நின்றது.

“நிக்குதுண்ணே. நீள கேஜ்தான்,” என்றாள் நிம்மதியாக.

கண்ணைத் திறந்தபோது குட்டையும் நீளமும் கோதண்டத்தின் உள்ளங்கையில் கிடந்தன. ஜெசிந்தா குனிந்து வெற்று அறைக்குள் பார்த்தாள். காலையிலிருந்து தான் சரியென்று முத்திரை குத்திச் சுவரோரம் சாய்த்துவைத்த துப்பாக்கிகளைப் பார்த்தாள். விரல் இன்னும் கைப்பிடியின் மேலேயே இருந்தது. அது தள்ளுகிறதா, தாங்குகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.