கெரியாமாவின் கால்

அண்ணனின் காலை நாங்கள் புதைத்தபோது அண்ணன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

குழி சின்னதுதான். தோண்டியது நான். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில், ஒருநாள் அண்ணன் முழுதாக வந்து படுக்கப்போகும் இடத்தின் கால்மாட்டில்.

"ஆழமா தோண்டுடா பாவோரா. நாய் இழுத்துட்டுப் போச்சுன்னா நான் ஒத்தக் கால்ல துரத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் ஐலீன் மட்டும், சிரிக்கலாமா கூடாதா என்று மெரியானா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததும் அவரும் சிரித்தார்.

அந்தக் காலை வெட்டியவர் அவர்தான்.

அண்ணன் கெரியாமா மரலாரி ஓட்டுகிறவன். சர்க்கரை வியாதி பாதத்தில் இறங்கி, பாதம் கறுத்து, நாற்றம் வந்த பிறகும் அறுவைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவான் என்று டாக்டர் சொன்னார். அண்ணி அழுதாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வலிக்குப் பயப்படுகிறான் என்று ஆஸ்பத்திரியில் நினைத்தார்கள்.

எங்களுக்குத் தெரியும், அது வலி இல்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அப்பாவுக்கும் இப்படித்தான் காலை எடுத்தார்கள், வேறொரு ஊரில். அதை என்ன செய்யலாம் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். முடியை வெட்டினால்கூடக் கண்ட இடத்தில் போடாத ஜனங்கள் நாங்கள். எங்கள் மாவோரி மொழியில் நஞ்சுக்கொடிக்கும் நிலத்துக்கும் ஒரே சொல். அப்பா சாகும்வரை தன் காலைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், தொலைந்துபோன பிள்ளையைக் கேட்பதுபோல.

டாக்டர் ஐலீன் ஒருநாள் அக்காவின் வீட்டுக்கே வந்தார். மெரியானா அக்கா எங்கள் பெரியப்பா மகள். இலை வைத்தியம் பார்ப்பவள். "அவர்கிட்ட நான் எதைக் கேக்காம விட்டுட்டேன்?" என்றார் டாக்டர்.

"எடுத்த கால் எங்க போகும்னு நீங்க சொல்லவே இல்லையே."

டாக்டர் தேநீரைக் கீழே வைத்தார். "வீட்டுக்குத்தான் போகும். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா அவருக்கு ரொம்ப நாள் இல்ல. அதை நீங்க அவர்கிட்டச் சொல்லணும்."

அக்கா அன்றைக்கே போனாள். அண்ணனின் கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "என் இலையெல்லாம் தோத்துப்போச்சுடா. இதுக்குக் கத்திதான். எடுத்த கால் வீட்டுக்கு வரும்னு டாக்டர் வாக்குக் குடுத்திருக்காங்க. வெட்டின பிறகு உன்னை எழுப்பி நடக்க வைக்க நான் இருக்கேன்."

டாக்டர் சொன்னபோது கேட்கவில்லை. அக்கா சொன்னாள் என்பதால் கேட்டான்.

கத்தி வைக்கும் முன் அக்கா எங்கள் மொழியில் வேண்டுதல் சொன்னாள். முகமூடி போட்ட அத்தனை பேரும் தலை குனிந்து நின்றார்களாம். பிறகு நர்ஸ் கட்டுப் போட, அக்கா கவகவா இலை எண்ணெயைத் தொடையிலும் முதுகிலும் தேய்த்துவிட, காயம் நன்றாக ஆறியது. அதுவரை டாக்டர் அந்தக் காலை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

இப்போது அண்ணி ஹரகேகே ஓலையில் பின்னிய நீளக் கூடையை நான் குழிக்குள் இறக்கினேன்.

"அய்யோ, கட்டைவிரல் அரிக்குதே!" என்றான் அண்ணன். "யாராச்சும் கூடைக்குள்ள கையை விட்டுச் சொறிங்க."

அண்ணி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். முதல் பிடி மண்ணை அவனே போட்டான். அப்பாவின் கல்லைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தான். திரும்பியபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு குழாய் உண்டு. வெளியே வருகிறவர்கள் கை கழுவித் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். டாக்டரும் தெளித்துக்கொண்டார். சரிவுக்குக் கீழே பொதுக்கூடத்தில், மண்ணடுப்பைத் திறந்த வாசனை வந்தது. பன்றிக்கறியும் குமாராக் கிழங்கும். டாக்டரும் அக்காவும் குழாயடியில் நிற்க, மற்றவர்கள் அண்ணனைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

நான் போகவில்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

பெஞ்சில் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றினேன். காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தேன். சுண்டுவிரலில் ஆறாத புண். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து யாரிடமும் காட்டாத கால்.

டாக்டர் ஈரப் புல்லில் மண்டியிட்டார். அக்காவும் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"துடிப்பு நல்லா இருக்கு. விரல் போகாது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"நானே கூட்டிட்டு வர்றேன்" என்றாள் அக்கா. என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளை விடவே இல்லை.

டாக்டர் தன் கைக்குட்டையால் காலைச் சுற்றிக் கட்டினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அக்கா, நடுவில் நான். அப்படியே சரிவில் இறங்கினோம்.

கூடத்து வாசலிலிருந்து அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டான்.

"கால் போனது எனக்குடா! நீ எதுக்கு நொண்டுறே?"

மாதக்கணக்காக நேராக நடந்து காட்டியவன், முதல்முறையாக அத்தனை பேர் முன்னாலும் நொண்டிக்கொண்டே போனேன்.