பஞ்சரோட போச்சு

நாகலூர் ஏற்றத்தில் டிரெய்லரின் சக்கரம் புஸ்ஸென்று அமுங்கிவிட்டது. இந்த வாரத்தில் மூன்றாவது பஞ்சர்.

சின்னையன் டிராக்டரை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பாரம் குறைந்தால்தான் ஜாக்கி தூக்கும். காப்பி மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து சாலையோரம் இறக்கி முடித்தபோது கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து மனைவி பாவாயி.

"ஏனுங்க, கோணி ஊசியப் பாத்தீங்களா? மிச்ச மூட்டையத் தைக்கோணும். காலையில எங்கியோ வெச்சுட்டேன்."

"ஊசிக்கு நான் எங்க போறது? இங்க மறுக்காவும் பஞ்சரு. இடுப்பே உட்டுப்போச்சு."

"அய்யோ! வெடியால எந்திரிச்சு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்து வண்டிக்கு முன்னால கட்டி உட்டனே, அதனாலதானுங்க பஞ்சரோட போச்சு. இல்லீன்னா பள்ளத்துல உருண்டிருக்குமுங்க."

அழைப்பைத் துண்டித்துப் பஞ்சர் கடைக்குப் போன் போட்டார்.

ஒண்டிக்கடை சந்திப்பிலிருந்து வந்த பஞ்சர்காரர் தமிழ்செல்வன், டயரில் குத்தியிருந்ததைக் குறட்டால் பிடித்து இழுத்தார். நீளமான ஊசி ஒன்று வந்தது. அதன் காதில் நூல். நூலில் நசுங்கிய பச்சை மிளகாய்.

"எந்தப் புண்ணியவான் இத ரோட்டுல போட்டானோ, தெரியலீங்க" என்றார் தமிழ்செல்வன்.

சின்னையன் மெல்ல நடந்துபோய் டிராக்டரின் முன்பக்கத்தைப் பார்த்தார். அறுந்த நூல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கைபேசியை எடுத்தார்.

"பாவாயி, தேட வேண்டாம். உன்ற ஊசி கெடச்சிருச்சு."