ஜனவரியில் வெட்டிய குழி

"எங்க சபையில மொத்தம் எட்டுப் பேரு. எட்டு வாயிலயும் சேத்து முப்பது பல்லு தேறாது. நாங்க ஜனவரி மாசத்துல, வெறும் வரட்டியும் டீத்தண்ணியும் வச்சே பூமியைப் பாதாளம் வரைக்கும் பொளந்தவங்க."

ஞாயிறு ஜெபம் முடிந்து, ஜிபார் தன் வீட்டில் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது காசிமாலி இதைச் சொன்னார். ஊருக்கே அவர் பைகே, பெரியண்ணன்.

வாசலோரம் நின்ற ஓமுர்பெக் தன் கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் இந்த வீட்டுப் படியை மிதித்து வருஷக்கணக்காகிறது.

அவன் மனைவி சைராகுல் நேற்று விடியலில் இறந்துபோனாள்.

ஊர் முஸ்லிம்களின் இடுகாடான மையவாடியில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். ஏசுவை விட்டுவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல், இடமும் தருகிறோம், தோளும் தருகிறோம் என்றார்கள் பெரியவர்கள். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள், ஒரு முழுக் கிடாயைத் தின்றார்கள். பெட்டியை மட்டும் தொடமாட்டோம் என்று கை கழுவிக்கொண்டு போனார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், சபையாருக்கென்று ஒரு கல்லுமேடு உண்டு. காலையில் தன் டிராக்டரை ஓட்டிப்போய் அவனே குழி தோண்டிவிட்டான். நவம்பர் மண் இன்னும் முழுக்க உறையவில்லை. அரை மணி வேலை.

டிராக்டர் தோண்டும். தோள் கொடுக்காது.

பெட்டியை டிராக்டரின் மண் அள்ளும் வாளியில் வைத்துக் கொண்டுபோய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான்.

அவனும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். சைராகுலும் அவனும் ஒரே நாளில் ஏரியில் முங்கி எழுந்தவர்கள். அவள் ஞாயிறு தவறாமல் இங்கே வந்தாள், கடைசியில் படுக்கையில் விழும்வரை. அவன் வரவில்லை. எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இத்தனை கிழங்கள் எதற்கு என்பான். தொலைபேசியில் பிரசங்கம் செய்ய, தலைநகர் பிஷ்கேக்கில் போதகர் ஒருவர் இருந்தார். கணீரென்ற குரல். இருமல் சத்தம் இல்லை, வீட்டுக்கு வீடு போய் விறகு பிளக்கும் வேலை இல்லை, போதும் என்றால் அணைத்துவிடலாம்.

நேற்று அந்தப் போதகரின் எண்ணுக்கு அழைத்தான். உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று முன்பே பதிவு செய்து வைத்திருந்த ஒரு பெண்குரல் சொன்னது. இரண்டு முறை சொன்னது.

காசிமாலியின் கதையில் குழி இதற்குள் இன்னும் ஆழமாகியிருந்தது.

கடப்பாரை பட்ட இடத்தில் பறந்த பொறியில் ஆளுக்கொரு சிகரெட் பற்றவைத்தார்களாம். அந்தச் சத்தம் மலை தாண்டிக் கேட்டு, யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று சீனாக்காரன் எட்டிப் பார்த்தானாம். ஊரிலிருந்த வரட்டியெல்லாம் இரண்டு நாள் மேட்டில் எரிந்ததாம். இளகின மண்ணில் இறங்கின எண்பது வயதுக் கிழவர், உள்ளே கதகதப்பாக இருக்கிறது, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அடம்பிடித்தாராம். நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்களாம்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த எண்பது வயதுக் கிழவரும் சிரித்தார்.

யாருக்காக வெட்டின குழி என்பது மட்டும் காசிமாலியின் கதையில் வரவே வராது.

நாரின் சந்தையில் இந்தக் கதை அடிபடும்போதெல்லாம் ஓமுர்பெக்தான் முந்திக்கொள்வான். எட்டுக் கிழங்கள் ஜனவரியில் குழி வெட்டினார்களா, பச்சைப் பொய் என்பான். உழவு மெஷின் வைத்திருக்கிறவன் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

சிரிப்பு அடங்கியதும் அவன் தொப்பியைப் பார்த்தபடியே கேட்டான். சைராகுலைத் தூக்க ஆள் வேண்டும்.

ஜிபாரின் கையிலிருந்த கெட்டில் அந்தரத்தில் நின்றது. காசிமாலி எழாமல் யாரும் எழமாட்டார்கள், அவர் எழவில்லை. ரொட்டியைத் தேநீரில் முக்கி, நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஆளா? இங்க ஏது தம்பி ஆளு? நாங்கதான் எந்தக் குழியும் வெட்டலையே, சந்தை பூரா நீதான சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நடக்காத காரியத்தைச் செஞ்சவங்க வந்து உம் பொண்டாட்டியை எப்படிடா தூக்குவாங்க?"

குரலில் பழைய குறும்பு அப்படியே இருந்தது. கண்ணில் இல்லை.

ஜிபார் அவரை அதட்டினாள். சாவு வீட்டுக்காரனிடம் பேசுகிற பேச்சா இது, நம்மோடு உட்கார்ந்து பாட்டுப் பாடினவளுக்காகவாவது எழுந்திருங்கள் என்றாள். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஓமுர்பெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஓமுர்பெக்குக்குத் தோன்றியது. போனால் வீட்டில் பெட்டி இருக்கும். முற்றத்தில் டிராக்டர் இருக்கும்.

"நடந்துச்சு பைகே," என்றான்.

அவனே தொடர்ந்தான்.

"எட்டே பேருதான். நான் பாத்தேன். அந்த ஜனவரி காலையில நீங்க வந்து கதவைத் தட்டி, டிராக்டரைக் கொஞ்சம் கொண்டான்னு கெஞ்சினப்ப, குளிருக்கு இஞ்சின் செத்துக் கெடக்குன்னு சொன்னேன்ல? சாகல. உங்களுக்கு ஓட்டுறதை ஊரு பாத்தா உழவுக்குக் கூப்பிடமாட்டாங்கன்னு பயம். அண்ணி பெட்டியை நீங்க முன்னால தூக்கிக்கிட்டுப் போனீங்க. ஐஸ்ல வழுக்கி முட்டி போட்டீங்க, பெட்டியை மட்டும் விடல. ஜன்னல் வழியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். டிராக்டர் சாவி என் பையில இருந்துச்சு."