கடைசி வாக்காளர்

வாக்குப்பதிவு முடியும் நேரம். எங்கள் நார்வே தீவின் பள்ளிக்கூடத்தில் வாக்களிக்கும் கடைசித் தடுப்பின் திரை மட்டும் மூடியிருந்தது. அடியில் தெரிந்த ரப்பர் பூட்ஸிலிருந்து கடல்நீர் வடிந்துகொண்டிருந்தது.

"நேரமாச்சுங்க," என்றாள் தேர்தல் அலுவலர் இங்குன்.

"யாருக்குப் போடறதுன்னே தெரியலக்கா."

அவள் தம்பி ஐலிவின் குரல். போன குளிர்காலத்தில் படகுத்துறை இடிந்து கடலில் விழுந்தவன்; உடல் கிடைக்கவில்லை. துறையைச் சீரமைக்க மறுத்த மேயர்தான் மறுபடியும் போட்டியிட்டார்.

உடனிருந்த சக அலுவலன் ஓட்டார் வெளுத்துப்போனான். "பூட்டிட்டுக் கிளம்பிடலாம், வா."

"உள்ள ஆள் இருக்கறப்ப பூட்டக் கூடாது," என்றாள் இங்குன். நாற்காலியை இழுத்துத் திரையருகே உட்கார்ந்தாள். "அவசரமில்லடா. யோசிச்சே போடு."

உள்ளே காகிதம் மடியும் சத்தம் கேட்டது. திரையிடுக்கில் வாக்குச்சீட்டு நீண்டது. அதைப் பிடித்திருந்த விரல்களில் பாசி படர்ந்திருந்தது.

சீட்டைச் செல்லுபடியாக்க அலுவலர் குத்தும் முத்திரையை இங்குன் கையில் எடுத்தாள்.